வீட்டில் கிடக்கும் பழைய நெகட்டிவ்களை டிஜிட்டல் கேமராவிலேயே படமெடுத்து மாற்றிவிட முடியுமா, ஸ்கேனர் வாங்கியே ஆக வேண்டுமா?

ஸ்கேனர் தேவையில்லை. கேமராவை வைத்தே எங்கள் வீட்டு நெகட்டிவ்களில் பெரும்பகுதியை முடித்துவிட்டேன். எந்தக் கேமரா என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. ஆனால் என்னைப் படுத்தியது கேமரா இல்லை, நெகட்டிவை ஊடுருவிக் கீழிருந்து வரும் வெளிச்சமும் கடைசியில் வந்து நிற்கும் ஆரஞ்சு நிறமும்தான்.

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 36க்கு 24 மி.மீ. அளவுதான். அவ்வளவு சின்னதை ஃப்ரேம் முழுக்க நிறைக்க, மிக அருகிலிருந்து படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டும். இல்லையென்றால், உங்களிடம் இருக்கும் 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால், அதைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்தும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்ற வெற்றுக் குழாயை மாட்டிக்கொள்ளலாம். ஃபுல் ஃப்ரேம் கேமரா (சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் படத்தின் அளவே இருப்பது) என்றால் மொத்தம் 50 மி.மீ. நீளத்துக்கு ட்யூப் வேண்டும். அதைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 33 மி.மீ. போதும். 24 மெகாபிக்சல் கேமராவில் இப்படி நிறைத்து எடுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 4200 பிக்சல் கிடைக்கும். வீட்டுப் படங்களுக்கு இதுவே தாராளம்.

வெளிச்சத்துக்கு முதலில் டேப்லெட் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் மேலேயே நெகட்டிவைப் போட்டேன். பெரிதாக்கிப் பார்த்தால் வானம் முழுக்கக் கொசுவலை! திரையின் பிக்சல்கள்தான் அப்படி விழுந்திருந்தன. நெகட்டிவைத் திரையிலிருந்து சில செ.மீ. உயர்த்திப் பிடித்தால் வலை மறைந்துவிடும். ஆனாலும் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் அளவு, 100தான் உச்சம்) 95க்கு மேல் உள்ள எல்இடி பேனல் இருந்தால் நிறம் ஒழுங்காக வரும். நெகட்டிவைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் வைத்து மறையுங்கள், அறை விளக்கை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது, கேமரா நெகட்டிவுக்கு நேராக நிற்க வேண்டும். துளி சாய்ந்தாலும் ஒரு மூலை மங்கிவிடும். ரசமட்டம் வைத்தெல்லாம் பார்த்தேன், சரிப்படவில்லை. நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன முகக் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் கேமரா திரையில் நட்டநடுவில் வந்தால் நேராக இருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் விஷயம், இதற்கு ஒரு வாரம் வீணாக்கினேன்.

கேமராவை மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப்/8, இரண்டு விநாடி டைமர், கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா ஃபைல். ஃபோகஸுக்கு, கேமரா திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியை (லைவ் வியூ) பெரிதாக்கி, ஃபிலிமின் மணல்மணல் போன்ற துகள்கள் (கிரெய்ன்) தெளிவாகத் தெரியும்வரை கையால் திருகுங்கள். ஃபிலிம் ஓரத்து எழுத்து நேராகப் படிக்க வந்தால் பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்கிறது. திருப்பிப் போட்டு எடுத்திருந்தால் பின்னால் கணினியில் இடவலம் மாற்றிக்கொள்ளலாம். தூசியை ஊதும் பம்ப்பால் மட்டும் ஊதுங்கள். நான் ஒருமுறை துணியால் துடைத்து, நான்கு படங்களின் குறுக்கே ஒரே கோடாகக் கீறி வைத்தேன்.

இனி ஆரஞ்சு. கலர் நெகட்டிவின் நிறங்களைக் கணினியில் அப்படியே எதிர்மாறாக்கினால் எல்லோரும் நீலம் பூசியதுபோல் வருவார்கள். ஃபிலிம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஃபிலிமில் உருவாகும் சாயங்கள் சுத்தமானவை அல்ல; தேவையில்லாத நிறத்தையும் கொஞ்சம் விழுங்கும். அதைச் சரிக்கட்டத்தான் இந்த ஆரஞ்சுப் பூச்சைத் தயாரிக்கும்போதே வைக்கிறார்கள். படங்களுக்கு நடுவே உள்ள வெற்று இடத்தை வைத்து ஒயிட் பேலன்ஸ் செய்து (அந்த ஆரஞ்சை நிறமற்றதாக எடுத்துக்கொள்ளச் சொல்லி), அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் வெளிச்ச அளவைக் காட்டும் வளைகோட்டையும் (கர்வ்) தனித்தனியாகத் திருப்ப வேண்டும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே நெகடாக்டர் என்ற பகுதி இருக்கிறது. ஒரு சுருளில் ஒரு படத்தைச் சரிசெய்துவிட்டால் அதே அமைப்பை மற்றவற்றுக்கும் ஒட்டலாம். கறுப்பு வெள்ளையில் இந்தத் தலைவலியே கிடையாது.

பிரின்ட் இருக்கிறதே, எதற்கு இத்தனை பாடு என்று தோன்றும். பிரின்டில் ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கும். எங்கள் வீட்டுக் குழுப் படம் ஒன்றில் தம்பி வெறும் ஒரு தோளாகத்தான் இத்தனை வருடம் நின்றிருந்தான். நெகட்டிவில் முழுதாக, கொட்டாவி விட்டபடி இருக்கிறான்.

சொல்ல மறந்துவிட்டேன்: பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றோடு வைக்காமல் பிரித்து, முதல் வேலையாக அதைப் படமெடுத்துவிடுங்கள்.