ஐன்ஸ்டீன் வந்தபின் நியூட்டன் தவறாகிவிட்டாரா? குவாண்டம் இதில் எங்கே வருகிறது?

நியூட்டன் தவறாகிவிடவில்லை. வேகம் ஒளியைவிட மிகக் குறைவாகவும் ஈர்ப்பு வலுவில்லாமலும் இருந்தால், ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டின் சமன்பாடுகள் நியூட்டனின் சமன்பாடுகளாகவே சுருங்கிவிடும். பாலம் கட்ட அவரே போதும்.

நியூட்டனின் கணக்கு இடித்த இடம் புதன் கோள். அதன் நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்புகிறது. மற்ற கோள்களின் இழுப்பைக் கழித்தாலும் நூற்றாண்டுக்குச் சுமார் 43 விகலை மிஞ்சியது. (ஒரு பாகைக்கு 3,600 விகலை, அவ்வளவு சின்ன மிச்சம்!) அதற்கு 1915-இல் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல்தான் விடை தந்தது.

சரி, குவாண்டம்? தங்கத்தைப் பாருங்கள், இதைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அணுவுக்குள் எலக்ட்ரான்களுக்கு எந்தெந்த ஆற்றல் மட்டங்கள் என்று சொல்வது குவாண்டம். ஆனால் தங்கத்தின் அணுக்கருவில் 79 புரோட்டான்கள். அவை இழுக்கும் இழுப்பில், கருவை ஒட்டிய எலக்ட்ரான்களின் வேகம் ஒளிவேகத்தில் பாதியைத் தாண்டிவிடும். அங்கே சார்பியலைச் சேர்க்காமல் கணக்குப் போட முடியாது. சேர்த்தால் மட்டங்களின் இடைவெளி குறைகிறது, தங்கம் நீல ஒளியை உறிஞ்சுகிறது, நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. சார்பியல் விளைவு இல்லையென்றால் அதுவும் வெள்ளி மாதிரி வெளுத்துத்தான் இருக்கும்.

சிறப்புச் சார்பியலையும் (ஈர்ப்பைச் சேர்க்காத சார்பியல்) குவாண்டத்தையும் எலக்ட்ரானுக்காக இணைத்தவர் இயற்பியலாளர் டிராக். அவருடைய 1928 சமன்பாட்டிலிருந்து எதிர்த்துகள் (அதே நிறை, எதிர் மின்னூட்டம்) என்ற எண்ணம் பிறந்தது; 1932-இல் ஆண்டர்சன் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டுபிடித்தார். பொதுச் சார்பியல், அதாவது ஈர்ப்பு, மட்டும் இன்னும் குவாண்டத்தோடு முழுமையாக இணையவில்லை. கருந்துளையின் மையத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல இரண்டும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.