பள்ளிக் குழுவில் ஏர் ரைபிள் சுடும் மகனுக்காகக் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வாங்கலாமா? எதை வாங்குவது?

வாங்கலாம். ஆனால் காசு கொடுப்பதற்கு முன் கோச்சிடமும் ரேஞ்ச் பொறுப்பாளரிடமும் கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் மகன் சுடும் துப்பாக்கி வீட்டுக்கு வரப்போவதில்லை, அதனால் அளப்பதும் ரேஞ்சில்தான், பொறுப்பாளர் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

மகனின் புள்ளி திடீரென்று இறங்கியதால்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

என் மகள் அப்போது உயர்நிலை மூன்று. இணைப்பாட நடவடிக்கையாக 10 மீட்டர் ஏர் ரைபிள். ஓய்வெடுத்துவிட்டு வந்து சுடும் முதல் குண்டு மட்டும் மேலே போகும், மற்றவை ஒழுங்காக விழும். "படபடப்பு" என்றார் கோச். நானும் அதை நம்பி, காரில் வரும்போதெல்லாம் கவனம் போதவில்லை என்று திட்டினேன். "அப்பா, நான் சரியாத்தான் விட்டேன்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று மாதம் நான் காதில் வாங்கவில்லை. அது இன்னமும் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம்தான் குரோனோ வாங்கினேன், விலை மலிவானது. கண் மாதிரி இரண்டு உணர்கருவிகள், மேலே வெளிச்சத்தைச் சீராக்கும் வெள்ளைத் தடுப்பு. பெல்லட்டின், அதாவது காற்றுத் துப்பாக்கிக் குண்டின், நிழல் முதல் கண்ணிலிருந்து இரண்டாவது கண்ணுக்குப் போக எவ்வளவு நேரம் என்று கணக்கிடும். கண்களுக்கு நடுவே 30 சென்டிமீட்டர்தான். அதைக் கடக்க இரண்டு மில்லி விநாடிகூட ஆகாது. முதல் நாள் விநாடிக்கு 140 மீட்டர் காட்டியது, அடுத்து 212, அடுத்து வெறும் பிழைச் செய்தி. துப்பாக்கியே கெட்டுவிட்டது என்று கிளப்பில் சத்தம் போட்டேன். தப்பு என்னுடையது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கருவிக்குத் தெரியும். திறந்த வெளியில் சுடுபவர்களுக்குச் சூரிய வெளிச்சம் போதும், நம் ரேஞ்சுகளோ கூரைக்குள் இருப்பவை. அதனால் சொந்தமாக அகச்சிவப்பு விளக்கு உள்ள, குழாய் மாதிரி மூடிய வகையைப் பாருங்கள். ரேடார் வகையும் வசதிதான், பக்கத்தில் வைத்தால் போதும். ஆனால் சின்னப் பெல்லட்டைப் பிடிக்குமா, அடுத்த லேனில் சுடுவதையும் சேர்த்துப் படித்துவிடுமா என்று விசாரித்து வாங்குங்கள்.

கருவியை மாற்றிய பிறகு, முதலில் நன்றாக ஓடும் வேறொரு துப்பாக்கியில் பத்துக் குண்டு பார்த்தோம். 170, 171, 170 என்று வந்தது. சரி, கருவியை நம்பலாம். அடுத்து மகளுடையது: வழக்கமான வேகத்தில் சுட்டபோது 171ஐ ஒட்டியே நின்றது. மூன்று நிமிடம் சும்மா வைத்துவிட்டுச் சுட்டால் 178! திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம், அதேதான். சிலிண்டரில் 200 பார் வரை அழுத்தம் இருக்கும். அதைக் குறைத்து ஒரே அளவில் கொடுப்பது ரெகுலேட்டர். அதில் காற்றை அடைத்து வைக்கும் சீல் தேய்ந்தால், துப்பாக்கி சும்மா இருக்கும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே அழுத்தம் ஏறும், முதல் குண்டு வேகமாகப் போகும்.

"விநாடிக்கு ஏழு மீட்டர் ஒரு வித்தியாசமா?" என்று கேட்பவர்களுக்காகவே கணக்கைச் சொல்கிறேன். 10 மீட்டரில் 171ல் போகும் குண்டு சுமார் 16.8 மில்லிமீட்டர் கீழிறங்கும், 178ல் போவது 15.5 தான். ஏர் ரைபிள் இலக்கு அட்டையில் ஒரு வளையம் 2.5 மில்லிமீட்டர். அரைப் புள்ளி போய்விடும். தசமப் புள்ளியில் இடம் தீர்மானமாகும் விளையாட்டில் அது சின்னதல்ல. எல்லாக் குறைகளுக்கும் துப்பாக்கிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, பயிற்சியாளர்களைக் குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். சீலை மாற்றியதும் கிளப் ஆள்தான், நான் துப்பாக்கியைத் திறக்கவில்லை.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று மாதமும் தீபாவளி, கல்யாணம் என்று எங்கே போனாலும் "பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு, டியூஷன் போடலாமே" என்றார்கள். 2018 காமன்வெல்த் போட்டியில் நம் சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ துப்பாக்கி சுடுதலில் இரண்டு தங்கம் வாங்கியது அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நீச்சல் பதக்கம் என்றால் எல்லோருக்கும் மனப்பாடம்.

சரி, அளக்கும்போது மகன் போட்டிக்குப் போடும் அதே பெல்லட்டைப் போடுங்கள், எடை மாறினால் வேகமும் மாறும். குரோனோவை பேரல் முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, குண்டு போகும் பாதைக்கு நேராக வையுங்கள். மூன்று குண்டில் முடிவெடுக்காதீர்கள், குறைந்தது பத்துக் குண்டு வேண்டும். ஓய்வுக்குப் பிந்தைய முதல் குண்டைத் தனியாகக் குறித்து வையுங்கள்.