பியரில் குறை கண்டுபிடிக்க மூக்கைப் பழக்குவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவின் பி.ஜே.சி.பி. (பியர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு) நடத்தும் பியர் நடுவர் தேர்வுக்கு நண்பர்கள் சிலர் சேர்ந்து தயாராகிறோம். ஆஃப்-ஃபிளேவர்களை, அதாவது பியரில் இருக்கக் கூடாத வாடை, சுவைகளை, அடையாளம் காணப் பழக, அவற்றைத் தரும் பொருள்கள் அடைத்த கேப்சூல் கிட் வாங்கியே தீர வேண்டுமா?

பதில்: தொடக்கத்துக்குத் தேவையில்லை. வாசனை குறைந்த லைட் லாகர் (இலேசான பியர் வகை) போதும்; எல்லா பாட்டிலும் ஒரே பேட்ச்சாக இருக்கட்டும். அதில் குறைகளை நீங்களே கலந்துகொள்ளலாம். 355 மி.லி. பியருக்கு: வெண்ணெய் வாடைக்கு (டைஅசிட்டைல்) பட்டர் எசன்ஸ் 4-5 சொட்டு, வாழைப்பழ வாடைக்கு பனானா எசன்ஸ் 6-7 சொட்டு, காடிப் புளிப்புக்கு வெள்ளை ஒயின் வினிகர் முக்கால் டீஸ்பூன், ஆல்கஹால் காட்டத்துக்கு வோட்கா 3 டீஸ்பூன். கிராம்பு வாடைக்கு 8 கிராம்பை 90 மி.லி. பியரில் ஊறவைத்து, வடித்ததில் 4 டீஸ்பூன். எசன்ஸின் வீரியம் பிராண்டுக்கு பிராண்டு மாறும். முதலில் பாதி அளவு விட்டு முகர்ந்து பாருங்கள். அசல் வெண்ணெயை உருக்கி ஊற்ற வேண்டாம். கொழுப்பு மேலே மிதக்கும், நுரையும் அடங்கிவிடும்.

ஸ்கங்க் வாடைக்கு (ஒளி பட்ட பியரில் எழும் நாற்றம்) எதுவும் கலக்க வேண்டாம். பச்சை பாட்டில் லாகரை ஒரு நாள் வெயிலில் வையுங்கள். பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் ஒளியில் சிதைந்து, கந்தகச் சேர்மமாகி நாறும். நாறவே இல்லையென்றால், அது ஒளி தாங்கும்படி மாற்றப்பட்ட ஹாப்ஸ் சாற்றில் செய்த பியராக இருக்கலாம், பிராண்டை மாற்றுங்கள். பழுப்பு பாட்டில் இதற்கு உதவாது.

பச்சை ஆப்பிள் வாடை தரும் அசிட்டால்டிஹைடுக்கு மட்டும் கிட் வாங்குவதே நல்லது. ஏறக்குறைய 20 டிகிரியிலேயே கொதித்துப் பறந்துவிடும் பொருள் அது.

கேள்வி: கலந்ததும் பியர் பொங்கி வழிகிறதே?

பதில்: இனிப்புக் குறையைப் பழக சர்க்கரைத் தூளை அப்படியே போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் வாயு குமிழியாகக் கிளம்பும். கால் டேபிள்ஸ்பூன் சர்க்கரையை அரை டீஸ்பூன் நீரில் கரைத்துக் குளிரவையுங்கள். காலி ஜக்கில் கரைசலை முதலில் விட்டு, நன்றாகக் குளிர்ந்த பியரை ஜக்கின் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். எதுவும் கலக்காத பியரையும் இதேபோல் இன்னொரு ஜக்கில் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாயு குறைந்திருப்பதை வைத்தே கலந்தது எது என்று சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் எல்லோரும் எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார்கள். அவ்வளவு எளிதா?

பதில்: அளவு கூடுதல், அல்லது வரிசை முன்பே தெரிந்திருக்கிறது. பாப்கார்ன் கடைபோல மணக்கும் பியரில் டைஅசிட்டைலைச் சொல்ல நடுவர் எதற்கு? அளவைப் பாதியாக்கி, மூன்று கோப்பைச் சோதனை வையுங்கள்: இரண்டு ஒன்றுபோல, ஒன்று வேறு. நிறம் தெரியாத கோப்பை, மூன்று இலக்கக் குறியீடு, ஆளுக்கு 60 மி.லி., மேலே மூடி. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், ஒரு சுற்றை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இடையில் கலக்காத பியரையும் 'இதில் என்ன குறை?' என்று கேட்டு நீட்டுங்கள். இல்லாத குறையை எழுதும் பழக்கம் அங்கேதான் பிடிபடும். போட்டியில் நல்ல பியர் தோற்பதும் அந்தப் பழக்கத்தால்தான்.

திரும்பத் திரும்ப டைஅசிட்டைலைத் தவறவிடுபவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். சிலருக்கு அந்த வாடை குறைவாகவே எட்டும். அவர் நாக்கில் படரும் வழுவழுப்பைக் கவனிக்கப் பழகட்டும். போட்டி மேசையில், வெண்ணெய் வாடையைச் சட்டென்று பிடிக்கும் ஒருவரை அவருக்கு இணையாக அமர்த்துங்கள்.