வளர்ந்தவர்களுக்குத் தாதியம் கற்பிக்கும்போது எந்த விழுமியங்கள் முக்கியம்?

யாழ்ப்பாணத்தில் தாதியம் கற்பிப்பவளாகச் சொல்கிறேன்: முதலில், அவர்களின் அனுபவத்துக்கு மதிப்பு. வளர்ந்தோர் கல்வி பற்றி அமெரிக்கக் கல்வியாளர் மல்கம் நோல்ஸ் வலியுறுத்தியதும் அதைத்தான். பாரிசவாதம் வந்த மாமியாரைப் பராமரித்தவருக்குப் படுக்கைப்புண் தெரியும். அழுத்தத்தால் இரத்தோட்டம் தடைப்பட்டுத் தோலும் தசையும் அழிவதை அங்கிருந்தே விளக்கலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நோயாளியை ஏன் புரட்டுகிறோம் என்பது உடனே பிடிபடும்.

அடுத்தது நோயாளியின் மானம். பொம்மையில் பழகும்போதே திரையை இழுத்துவிட்டு, "அம்மா, உங்களைத் திருப்பப் போறன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டால் திரும்பவும் முதலிலிருந்து செய்யவைப்பேன்.

பிழையை மறைக்காத நேர்மையும் வேண்டும். ஏசினால் அது வராது.

மொழியும் முக்கியம். மானிப்பாயில் அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். நானும் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் தமிழில் விளக்கிவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போவேன்.