ஊட்டில ஓட்டுற வண்டி, அப்பப்ப கோயம்புத்தூர் கரி ரேஸ் டிராக்குக்கும் போகுது. மேனுவல்ல இன்ஜின் ஆயிலுக்கு 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 ரெண்டுமே போட்டிருக்கு. 5டபிள்யூ-30 போதுமா, 10டபிள்யூ-50 போடணுமா?

மேனுவல்ல 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 ரெண்டுமே இருக்குன்னு சொல்றீங்கல்ல, அப்ப நான் 40 தான் போடுவேன், மேனுவல்ல இல்லாத 50 பக்கம் போகவே மாட்டேன்.

ஊட்டி குளிருக்கு, டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர்தான் முக்கியம்னு நிறைய பேர் சொல்வாங்க. 5டபிள்யூவ மைனஸ் 30 டிகிரில டெஸ்ட் பண்றாங்க, 10டபிள்யூவ மைனஸ் 25ல. நமக்கு தலைகுந்தால உறைபனி கொட்டினாலும் அந்தப் பக்கமெல்லாம் போறதே இல்ல, ஸ்டார்ட் ஆக ரெண்டுமே தாராளம். தொல்லை சின்னச் சின்ன ஓட்டத்துலதான், சேரிங் கிராஸ் வரைக்கும் போய் ஆஃப் பண்ணா கூலன்ட் சூடாயிருக்கும், ஆயில் ஆகியிருக்காது, உள்ள ஈரம் அப்படியே தங்கிடும். ஆயில் மூடிய கழட்டிப் பாருங்க, மோர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கும் (கூலன்ட் குறையலன்னா கேஸ்கெட் போச்சுன்னு உடனே பதறாதீங்க). இந்த மாதிரி ஓட்டத்துக்கு 50 தேவையில்லாத கெட்டி, மைலேஜும் அடிவாங்கும்.

டிராக்ல கதையே வேற. பின்னாடி நம்பர், அதாவது சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்றத, 100 டிகிரில அளக்கறாங்க, ஆனா ரெட்லைன் பக்கமே சுத்திட்டு இருந்தா ஆயில் 120, 130ன்னு போயிடும், அங்க பேரிங்க காப்பாத்தறது எச்டிஎச்எஸ்னு ஒரு அளவு (அதிக சூட்டுல, வேகமா உரசறப்ப ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்குதுன்னு), 150 டிகிரில பாக்கறது, டப்பால இருக்காது, கம்பெனி டேட்டா ஷீட்ல இருக்கும். 30க்கு குறைஞ்சது 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5. சில 5டபிள்யூ-30லயும் ஏசிஇஏ சி3ன்னு ஐரோப்பியத் தரக் குறியீடு போட்டிருந்தா அதே 3.5 இருக்கும், அது கிடைச்சா 30லயே இருந்துக்கலாம், நம்பர மட்டும் பாத்து வாங்காதீங்க.

கல்லட்டி மலைப்பாதை 36 வளைவும் டிராக் மாதிரிதான்னு ஒருத்தர் கிளம்பி வருவார், செகண்ட் கியர்ல உருட்டறதுக்கு ஆயில் அவ்வளவு கொதிக்காது சார், அங்க பிரேக்க பாருங்க.

டிராக் முடிஞ்சதும் கிலோமீட்டர் கணக்கு பாக்காம சீக்கிரமே ஆயில மாத்திடுங்க. போறதுக்கு முன்னாடி லெவல் மேல் கோட்டுல இருக்கணும், தாண்டவும் கூடாது. கொறஞ்சா வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப் காத்த உறிஞ்சும். நம்ம ஊர்ல வீட்டு வாசலே சரிவு, டிப்ஸ்டிக் பொய் சொல்லும், அதனால கீழ இறங்கினப்புறம் சமமான இடத்துல நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு பாருங்க.