எம்.டி.எஸ். சேர நீட் மட்டும் போதுமா?

கேள்வி: மகள் பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) இருக்கிறாள். மேற்படிப்பான எம்.டி.எஸ். சேர நீட் போதுமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: போதாதும்மா. பொதுப்பிரிவுக்கு நீட் எம்.டி.எஸ்.ஸில் 50 பெர்சன்டைல் வேண்டும்; அதாவது, எழுதியவர்களில் பாதிப்பேருக்குக் குறையாத இடம். அதோடு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை நீட் அறிவிப்பில் சொல்லும் தேதிக்குள் முடித்திருக்கணும். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவும் கட்டாயம்.

கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவில் இருந்தவள் நான். நம் பாலக்காட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் தவித்து நிற்பது பெயரில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கவிதா எம்.’, பட்டத்தில் ‘கவிதா முருகேசன்’ என்றிருக்கும். கவுன்டரில் கண்கலங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இருவரும் ஒருவரே என்ற சான்றிதழை வில்லேஜ் ஆபீசில் இப்போதே வாங்கிவிடுங்கள். கேரள ஒதுக்கீட்டுக்கு, கேரளத்தைச் சேர்ந்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழும் கேட்பார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு எந்த ஊராயினும் தடையில்லை. ஒரிஜினல்களைக் கல்லூரியில் கொடுக்குமுன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.