கோரை பிடித்த நாற்பது சென்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் 40 சென்ட் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறேன். செம்மண், லேசான சரிவு. எட்டு வருஷமாகச் சும்மா கிடந்த இடம். வரப்போரம் சீமைக்கருவேலம், உள்ளே பார்த்தீனியமும் கோரையும். சித்திரை மழை விழுந்ததும் வாடகைக்கு ரோட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டும் சுழல் கத்திக் கருவி) வைத்து இரண்டு முறை ஓட்டினேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. இருபது நாளில் முன்னைவிட அடர்த்தியாகக் கோரை எழும்பிவிட்டது. ஆடியில் மல்ச்சிங் ஷீட் (மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) போட்டுத் தக்காளி நட்டால் அமுங்கிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? மூலையில் ஒரு பழைய கிணறும் உண்டு, தூர்வாரலாம் என்றிருக்கிறேன். குத்தகை இப்போதைக்கு வாய்ப்பேச்சுதான்.

க., தருமபுரி மாவட்டம்

அன்புள்ள க.,

ஷீட் வேண்டாம். மற்ற களைகள் அதன் அடியில் வெளிச்சமில்லாமல் வெளுத்துச் சாகும். கோரை அப்படியில்லை, கூர்முனையால் பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு மேலே வரும். பாலக்கோட்டுத் தக்காளியைப் பார்த்து ஆசை வருவது சகஜம்தான். உங்கள் நிலத்துக்கு இந்த வருஷம் அது ஆகாது.

ரோட்டவேட்டர் என்ன செய்தது என்று பார்க்க, ஒரு கோரையை மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குப் பெயர்த்து மண்ணை உதிர்த்துவிடுங்கள். தண்டின் அடியில் சிறு குமிழ், அதிலிருந்து மெல்லிய வேர்த்தண்டு, அதன் வழியே கருப்புக் கிழங்குகள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்திருக்கும். நசுக்கினால் மணக்கும், நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கோரைக்கிழங்கு இதுதான். சங்கிலி அறுபடாதவரை முன்னால் இருப்பது முளைக்கும், பின்னால் இருப்பவற்றில் பெரும்பாலானவை உறங்கும். ரோட்டவேட்டர் கத்தி சங்கிலியைத் துண்டு துண்டாக்கியதும் உறங்கியதெல்லாம் தனித்தனியாக விழித்துக்கொண்டது. கோரை இருக்கும் நிலத்தில் அந்தக் கருவியை இறக்கவே கூடாது.

கிழங்குக்கு இரண்டு எதிரிகள்தான்: வெயிலும் நிழலும். வைகாசி முடிவதற்குள், மண் காய்ந்திருக்கும்போது, சட்டிக் கலப்பையால் (வட்டத் தட்டுகள் கொண்ட டிராக்டர் கலப்பை) சரிவுக்குக் குறுக்கே ஆழ உழுங்கள். கட்டிகளை உடைக்காமல் இரண்டு வாரம் அப்படியே போடுங்கள். மேலே வந்த கிழங்கு வெயிலில் சுருங்கிச் சாகும். ஈர மண்ணில் உழுதால் இதில் ஒன்றும் நடக்காது. பிறகு மழைக்கு மீதி முளைக்கும், முளைக்கட்டும். மூன்று வாரம் தாண்டினால் புதுக்கிழங்கு வைக்க ஆரம்பித்துவிடும், அதற்குள் கொத்துக் கலப்பை (கல்டிவேட்டர்) ஓட்டி, பெயர்ந்து வருவதைப் பொறுக்கி வரப்புக்கு வெளியே குவியுங்கள். கலப்பைக் கொத்தில் சிக்கிய கிழங்கை அடுத்த காட்டுக்குக் கொண்டுபோகாமல் டிராக்டர்காரர் தட்டிவிட்டுப் போகட்டும்.

ஆடி முதல் வாரத்தில் சணப்பு விதையுங்கள், மடக்கி உழுவதற்கான பசுந்தாள் உரப்பயிர் அது. ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ சொல்வார்கள். உங்கள் வேலை கோரையை நிழலில் போட்டு நசுக்குவது, ஆகவே 40 சென்ட்டுக்கு 6 கிலோ தாராளமாக விதையுங்கள். ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் ஒரு பொட்டலம், 200 கிராம், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தினால் போதும். தக்காளிக்குப் பெரிய தொல்லையான வேர்முடிச்சு நூற்புழுவையும் சணப்பு குறைக்கும். 45 நாளில், பூ எடுக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதுவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் வளரட்டும்’ என்று விட்டால் தண்டு நாராகிவிடும், மக்காது. உழுத உடனே எதையும் விதைக்காதீர்கள், இரண்டு வாரம் போகட்டும். புரட்டாசி ஈரத்தில் கொள்ளு 3 கிலோ விதைத்தால் தையில் அறுக்கலாம். பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 2 ரகம் உங்கள் பக்கத்து மானாவாரிக்கென்றே வந்தது. அடுத்த ஆடியில் கேழ்வரகோடு அவரை. தக்காளியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குக் காய் வேண்டுமென்றால் கிணற்றோரம் 2 சென்ட்டைக் கையால் கொத்திக் கோரையைப் பொறுக்கிவிட்டு வையுங்கள். 40 சென்ட்டையும் கையால் சுத்தம் பண்ண நினைத்தால் கூலி கட்டாது.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பு, மழை விட்ட ஈரத்தில், வேரோடு பிடுங்குங்கள். கையுறை அவசியம், சிலருக்குத் தோல் வெடித்துவிடும். பூத்துவிட்டால் எருக்குழியில் போடக்கூடாது. சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டுவது வீண்வேலை. ஒரு முழம் ஆழம் தோண்டி, வேரும் தண்டும் சேரும் முடிச்சுக்குக் கீழே வெட்டினால்தான் துளிர்க்காது. முள்ளை ஒன்று விடாமல் அள்ளிவிடுங்கள், டிராக்டர் டயரைப் பஞ்சராக்கிவிட்டால் அடுத்த முறை யாரும் உழ வரமாட்டார்கள்.

எரு போடும் முன்பே மண் மாதிரி எடுத்துவிடுங்கள். வரப்பு, மரநிழல், பழைய எருக்குழி தவிர்த்து, பத்துப் பன்னிரண்டு இடத்தில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம். தொழு எரு 40 சென்ட்டுக்கு 2 டன், நன்றாக மக்கியதாக. பச்சைச் சாணத்தோடு வண்டுப்புழுவும் களைவிதையும் சேர்ந்தே வரும்.

கிணற்றில் மட்டும் ஆளை இறக்காதீர்கள். வருஷக்கணக்கில் கிடந்த கிணற்றில் ஆக்சிஜன் போதாமல் இருக்கலாம். விளக்கை இறக்கி அணையாவிட்டால் இறங்கலாம் என்பதை நம்ப வேண்டாம்: அடிச்சகதியைக் கிளறும்போது கிளம்பும் விஷவாயுவை விளக்கு காட்டாது. கிரேன் வைத்து மேலிருந்தே சேற்றை அள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் வந்ததும் உப்பைச் சோதியுங்கள். குடிக்க எண்ணினால் ஃபுளோரைடையும். தருமபுரியில் அந்தச் சோதனை இல்லாமல் வாய் வைக்கக்கூடாது.

இதையெல்லாம்விட முதலில் செய்ய வேண்டியது குத்தகைப் பத்திரம். நான் சொன்ன கணக்குப்படி இரண்டாம் வருஷம்தான் கையில் காசு பார்ப்பீர்கள். நிலம் தேறியதும் உரிமையாளருக்கு மனசு மாறினால் வாய்ப்பேச்சு நிற்காது. ஐந்து வருஷத்துக்கு எழுதுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதால் வெறும் முத்திரைத்தாளோடு நிறுத்தாதீர்கள். சர்வே எண், எல்லைக்கல், கிணற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு, தூர்வாரும் செலவு யாருடையது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கையெழுத்தான பிறகு சட்டிக் கலப்பைக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்